டைகர் மோத்துக்குக் கம்பி கட்டப் போனவர்

பொன்னுவேலின் போனில் அருள்மேரியின் பெயர் வந்தபோது அவர் பள்ளியின் இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் லென்ஸ்களைத் துடைத்து வைத்துக்கொண்டிருந்தார். ஆறு வருடமாக அந்த எண்ணிலிருந்து அழைப்பு வந்ததில்லை. எடுக்கலாமா வேண்டாமா என்று தயங்கி நின்று, மணி ஓயப்போகிற நேரத்தில் எடுத்தார்.

அருள்மேரி சுற்றி வளைக்கவில்லை. தன் கணவர் ஆரோக்கியதாஸுக்குச் சித்திரையில் பக்கவாதம் வந்ததைச் சொன்னார். நடை ஓரளவு திரும்பிவிட்டது, பேச்சும் மெதுவாக வருகிறது, வலது கை மட்டும் மடியில் வைத்தது வைத்தபடி இருக்கிறது. மேசையில் ஒரு மாதிரி விமானம் முடியாமல் நிற்கிறதாம். டைகர் மோத். ஒட்டி, வண்ணம் அடித்து எல்லாம் ஆகிவிட்டது, கம்பி கட்டுவது மட்டும் பாக்கி. காலையில் எழுந்தால் அதன் முன்னால் போய் உட்கார்ந்துவிடுகிறார், சாப்பிடக் கூப்பிட்டாலும் எழுந்து வருவதில்லை.

“யாரையாவது வச்சு முடிச்சிரலாமான்னு கேட்டேன் தம்பி. ஒங்க பேரைத்தான் சொன்னாரு. இந்த ஆறு வருசத்துல இந்த வீட்டுல ஒங்க பேரு வந்தது அப்பத்தான்,” என்றார்.

சனிக்கிழமை வருவதாகச் சொல்லிவிட்டுப் பொன்னுவேல் போனை வைத்தார். அன்று மதியம் கொண்டுவந்த சோற்றைத் திறக்கவே இல்லை.

ஆரோக்கியதாஸ் அந்தப் பள்ளியில் இருபத்திரண்டு வருடம் இயற்பியல் ஆசிரியராக இருந்தவர். பொன்னுவேல் கொடைக்கானலை அடுத்த பூம்பாறைக்காரர். ஆய்வுக்கூட உதவியாளராகத் தற்காலிக வேலையில் சேர்ந்து, வருடா வருடம் நீட்டித்து நீட்டித்து ஓட்டிக்கொண்டிருந்தார். சாருக்கு விமானப் பைத்தியம். அதிலும் மேலொன்று கீழொன்றாக இரட்டை இறக்கை கொண்ட பழைய விமானங்கள்தான் பிடிக்கும். பிளாஸ்டிக் பாகங்கள் அடங்கிய பெட்டிகளை வெளிநாட்டிலிருந்து வரவழைத்து, ஒவ்வொரு பாகமாகச் சீவி, ஒட்டி, வண்ணம் பூசுவார். அத்தோடு அவர் பொறுமை தீர்ந்துவிடும். இரண்டு இறக்கைகளுக்கும் நடுவே குறுக்கும் நெடுக்குமாக ஓடும் கம்பிகளை அவரால் கட்ட முடியாது. உண்மையான விமானத்தில் அவை எஃகு. மாதிரியில் தலைமுடி கனத்துக்கு நைலான் இழை. ஒருநாள் அவர் சலித்துப்போய் அறுத்துப் போட்ட இழையைப் பொன்னுவேல் எடுத்தார். இடுக்கியால் நுனியைப் பிடித்து, ஊசிமுனை அளவு துளைக்குள் ஒரே முயற்சியில் நுழைத்துக் காட்டினார். அன்றிலிருந்து ஒட்டுவது சார், கம்பி கட்டுவது பொன்னுவேல் என்று ஆயிற்று. பதிமூன்று வருடத்தில் ஒன்பது விமானங்கள் ஆய்வுக்கூடத்தின் கண்ணாடி அலமாரியில் ஏறின. ஒவ்வொன்றின் அடியிலும் சார் இரண்டு பேருடைய பெயரையும் எழுதி ஒட்டினார்.

பத்தாவது பெட்டி வந்த நாளில் எல்லாம் கெட்டது.

அது ஒரு நவம்பர் மாதம். சார் இன்னொரு ஆசிரியையோடு ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை மலையேற்றத்துக்கு அழைத்துப் போயிருந்தார். மதியம் பள்ளி அலுவலகத்துக்குப் பார்சல் வந்தது. பொன்னுவேலுக்கு இருப்புக் கொள்ளவில்லை. சாரைப் போனில் கூப்பிட்டுச் சொன்னார். சிக்னல் விட்டு விட்டு வந்ததால் சார் பிள்ளைகளை விட்டுவிட்டு ஒரு வளைவைத் தாண்டிப் போய் நின்று பேசினார். ஆசிரியை முன்னால் ஒரு பாதிப் பிள்ளைகளோடு இறங்கிக்கொண்டிருந்தார். பேச்சு பதினாலு நிமிடம் நீண்டது. அதற்குள் ஸ்வேதா என்கிற பெண் ஈரப்பாறையில் சறுக்கி முப்பது அடி கீழே விழுந்தாள். உயிர் தப்பியது. இடுப்பெலும்பும் முதுகெலும்பில் இரண்டு கணுக்களும் முறிந்திருந்தன.

நிர்வாகம் விசாரணை வைத்தது. சொந்த விஷயமாகப் பதினாலு நிமிடம் போனில் பேசிக்கொண்டிருந்தேன், தப்பு என்னுடையது என்று சார் எழுதிக் கொடுத்தார். யாரிடம் பேசினார் என்று எழுதவில்லை. ஸ்வேதாவை ஏற்றிவர ஜீப்பில் போனவர்களில் பொன்னுவேலும் ஒருவர் என்பதால் அவரையும் கூப்பிட்டார்கள். சார் யாரோடு பேசிக்கொண்டிருந்தார் என்று உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டார்கள். சார் எதிரே உட்கார்ந்திருந்தார். பொன்னுவேலின் வேலையை நிரந்தரமாக்கும் கடிதம் அந்த மாதம்தான் கையெழுத்துக்குப் போயிருந்தது. மகள் ஷர்மிளாவைக் கல்லூரியில் சேர்த்து நான்கு மாதம் ஆகியிருந்தது.

“தெரியாதுங்க,” என்றார்.

சார் அதை மறுக்கவில்லை. அவருக்கு வேலை போயிற்று. பள்ளி வளாகத்துக்குள் இருந்த வீட்டைக் காலி செய்து பெருமாள்மலைக்கு இறங்கினார்கள். பொன்னுவேலுக்கு ஜனவரியில் நிரந்தரக் கடிதம் வந்தது. போய்ப் பார்க்க வேண்டும், பார்க்க வேண்டும் என்று நாளைத் தள்ளினார். தள்ளத் தள்ளப் போவது கடினமாயிற்று. மனைவி முருகேஸ்வரியிடமும் அதைப் பற்றிச் சொன்னதில்லை.

சனிக்கிழமை வெள்ளனே பஸ் ஏறினார். பையில் இடுக்கி, மெல்லிய நைலான் இழைச் சுருள், புது பிளேடு, ஒட்டுப்பசை, துணிக்கு மாட்டுகிற சின்ன கிளிப் ஒரு டஜன், ஊதுபத்திக் கட்டு. பெருமாள்மலை ஜங்ஷனில் இறங்கி, கடைகளுக்குப் பின்னால் ஏறும் சிமெண்டுப் படிகளில் நடந்தார்.

அருள்மேரி கதவைத் திறந்தார். தலை பாதி நரைத்திருந்தது. பக்கத்தில் ஒரு விடுதியில் அறைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை செய்வதாகவும், சனி ஞாயிறு கூட்டம் அதிகம் என்பதால் பன்னிரண்டு மணிக்குக் கிளம்பிவிடுவதாகவும் நடந்துகொண்டே சொன்னார். இத்தனை நாள் ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை. நிர்வாகத்துக்குப் பயந்துதான் வராமல் இருந்தார் என்று அவராகவே நினைத்துக்கொண்டிருந்தது பேச்சில் தெரிந்தது. “ஒங்க நெலமையும் புரியாம இல்ல தம்பி,” என்றார்.

ஆரோக்கியதாஸ் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். ஆள் பாதியாகியிருந்தார். வாயின் வலது ஓரம் லேசாக இறங்கியிருந்தது. பொன்னுவேலை நிமிர்ந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

“மேல… எறக்கைய மொதல்ல பாரு,” என்றார். “தொளை சரியா விழுந்துருக்கான்னு.”

ஆறு வருடம் கழித்து அவர் பேசிய முதல் வார்த்தை அது. பொன்னுவேல் மேசை அருகே போனார். மஞ்சள் உடம்பு, வெள்ளி நிறம் பூசிய மூக்கு, ஒரு சாணுக்குச் சற்று அதிகமான இறக்கைகள். அந்தப் பத்தாவது பெட்டியை ஐந்து வருடம் தொடாமலே வைத்திருந்து, போன மழைக்காலத்தில்தான் சார் ஒட்டத் தொடங்கினாராம். துளைகள் அத்தனையும் சரியான இடத்தில் இருந்தன. கை விழுவதற்கு முந்தின வாரம் போட்டது.

வேலை தொடங்கியது. நடுவிலிருந்து வெளிப்பக்கமாகப் போக வேண்டும். மேல் இறக்கையின் துளையில் இழையின் ஒரு நுனியைப் பசை தொட்டுப் பதிக்க வேண்டும். அது இறுகியதும் மறுநுனியைக் கீழ் இறக்கையின் துளை வழியாக இழுத்து, தொங்குகிற முனையில் கிளிப்பை மாட்டிவிட வேண்டும். கிளிப்பின் கனமே இழையை நேராகப் பிடித்திருக்கும். அப்போது அடியில் ஒரு துளிப் பசை. காய்ந்ததும் மிச்சத்தைப் பிளேடால் வழித்துவிடலாம். எங்காவது தொய்வு இருந்தால் ஊதுபத்தியின் எரியும் நுனியை இழைக்குப் பக்கத்தில் தொடாமல் கொண்டுபோனால் நைலான் சூட்டில் சுருங்கி விறைத்துக்கொள்ளும். கொஞ்சம் கிட்டப் போனால் அறுந்துவிடும்.

அன்று மூடுபனி ஜன்னல் வரைக்கும் வந்து நின்றது. ஈரக்காற்றில் பசை வெள்ளை பூத்தது. மஞ்சள் வண்ணத்தின்மேல் பூஞ்சை மாதிரி படர்ந்ததைப் பார்த்து சார் இடது கையால் மேசையைத் தட்டி ஹீட்டரைக் காட்டினார். பொன்னுவேல் ஹீட்டரைப் போட்டு, அறை காய்கிறவரைக்கும் கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். முன்பெல்லாம் அந்த மாதிரி நேரத்தில்தான் சார் நிறுத்தாமல் பேசுவார். எந்தக் கம்பி விமானம் பறக்கும்போது இறக்கை மேலே மடங்காமல் இழுத்துப் பிடிக்கிறது, எந்தக் கம்பி தரையில் நிற்கும்போது தொங்காமல் தாங்குகிறது என்று வகுப்பு மாதிரி சொல்வார். இப்போது அவர் கண் மட்டும் பொன்னுவேலின் விரல்களைப் பின்தொடர்ந்தது.

அன்று ஆறு கம்பிகள் முடிந்தன. கிளம்பும்போது பொன்னுவேல் ஏதோ சொல்ல வாயெடுத்தார். “அடுத்த சனிக்கெழம,” என்று சார் முடித்துவிட்டார்.

அடுத்த சனிக்கிழமை வெயில் அடித்தது. பசை நன்றாகப் பிடித்தது. பதினோரு மணி வாக்கில் சார் நாற்காலியிலேயே கண்ணயர்ந்தார். அருள்மேரி பின்பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவர், ஒரு நிமிஷம் வாங்க தம்பி என்று கூப்பிட்டார்.

கொடியில் பாதித் துணி தொங்கியது. மீதி வாளியில் இருந்தது. அவர் வாளியைத் தொடாமல் நின்றார்.

“ஒங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். ஒங்கள வரச் சொன்னதுக்கு அதுவும் ஒரு காரணம். மறைக்க மாட்டேன். அன்னைக்கு அவரு யாருகூடப் பேசிக்கிட்டிருந்தாரு?”



அருள்மேரி பேசிக்கொண்டே போனார். சம்பவம் நடந்த வாரம் அவர் கணவரின் போனை எடுத்துப் பார்த்திருக்கிறார். அன்றைக்கு வந்த அழைப்புகள் ஒன்றுகூட இல்லை. அழித்து வைத்திருந்தார். ஒன்றும் இல்லாதவர் எதற்கு அழிக்க வேண்டும்? கேட்டதற்கு, விடு மேரி என்றார். அழுது கேட்டபோதும் அதே பதில். அப்புறம் கேட்பதை நிறுத்திவிட்டாராம். கோயிலுக்குப் போனால் பக்கத்து வரிசையில் உட்காரும் பெண்களில் யாராக இருக்கும் என்று பார்க்கிற புத்தி வந்துவிட்டது. பழைய ஆசிரியைகள் இரண்டு பேரோடு அதனாலேயே பேச்சை முறித்துக்கொண்டார்.

“ஒரு பொம்பளைக்காக வேலையும் போயி, வீடும் போயி, அந்தப் பிள்ள காலும் போச்சு. அது யாருன்னு சொல்ல மாட்டேங்கறாரு. ஆஸ்பத்திரியில வாய் கோணிக் கெடந்தப்பக்கூட அந்தப் பேரு வருதான்னுதான் காதக் குடுத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். நான் எவ்வளவு கேவலமாயிட்டேன் பாருங்க. நீங்க அவருகூட இருந்தவரு. ஒங்களுக்குத் தெரியாம இருக்காது.”

பொன்னுவேல் வாளியைப் பார்த்தார். சோப்பு நுரை ஒவ்வொன்றாக உடைந்துகொண்டிருந்தது. பொம்பளை யாரும் இல்லைங்க என்று மட்டும் அவரால் சொல்ல முடிந்தது. அதை அருள்மேரி நம்பவில்லை. ஆம்பளைக்கு ஆம்பளை விட்டுக் கொடுக்க மாட்டீங்க என்று முணுமுணுத்துவிட்டு மீதித் துணியை உதறிப் போடத் தொடங்கினார்.

உள்ளே வந்து பொன்னுவேல் மறுபடி வேலையைத் தொடங்கினார். இழை துளைக்குள் நுழையாமல் மூன்று தடவை மடங்கியது. நாலாவது தடவை நுழைந்ததும் அவசரமாக இழுத்தார். இரண்டு இறக்கைகளுக்கும் நடுவில் தூணாக நின்ற மெல்லிய குச்சி படக்கென்று ஒடிந்தது. சார் கண்ணைத் திறந்தார். ஒடிந்த குச்சியைப் பார்த்தார், பிறகு ஜன்னல் வழியாக மனைவியைப் பார்த்தார், கடைசியாகப் பொன்னுவேலைப் பார்த்தார். எல்லாம் அவருக்குப் புரிந்துவிட்ட மாதிரி இருந்தது.

“விடு,” என்றார். “ஒட்டிக்கலாம். இன்னைக்குப் போ.”

சாயங்காலம் வீட்டில் முருகேஸ்வரி பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். பொன்னுவேல் எதிரில் உட்கார்ந்து, முதலிலிருந்து கடைசிவரை சொன்னார். போன் பண்ணியது தான்தான் என்பதைச் சொல்லும்போது முருகேஸ்வரியின் கை நின்றது. விசாரணையில் தெரியாது என்று சொன்னதைக் கேட்டதும் முறத்தைத் தள்ளி வைத்தார்.

“அந்தக்கா ஆறு வருசமா இல்லாத ஒரு பொம்பளையோட மல்லுக்கட்டிக்கிட்டு கெடந்துருக்கு,” என்றார். “நீங்க இங்க நல்லா தூங்கி எந்திரிச்சிருக்கீங்க.”

தூங்கவில்லை என்று பொன்னுவேல் சொல்ல நினைத்தார். ஆனால் தூங்கியிருக்கிறார். பெரும்பாலான நாட்கள் நன்றாகவே தூங்கியிருக்கிறார். இப்போது சொன்னால் வேலை போகும் என்றார் பிறகு. முருகேஸ்வரி முறத்தை மறுபடி இழுத்து வைத்துக்கொண்டார். அந்த வாரம் முழுக்கத் தேவைக்கு மட்டும் பேசினார்.

மூன்றாவது சனிக்கிழமை பொன்னுவேல் போனபோது அருள்மேரி கடைக்குப் போயிருந்தார். சார் தனியாக இருந்தார். ஒடிந்த குச்சியை இடது கையாலேயே ஒட்டி வைத்திருந்தார். கொஞ்சம் சாய்ந்திருந்தது, ஆனால் நின்றது.

பொன்னுவேல் பையைக் கீழே வைக்காமலே சொன்னார். இன்றைக்கு அக்காவிடம் சொல்லப் போகிறேன்.

ஆரோக்கியதாஸ் தலையை ஆட்டினார். வேண்டாம் என்று. வார்த்தைகளை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்துப் பேச அவருக்கு நேரம் பிடித்தது.

“நீ வருவேன்னு பாத்தேன். ஒரு வாரம். அப்பறம் ஒரு மாசம். நீ வந்து, சார், நானே சொல்லிர்றேன்னு சொன்னா, வேணாம்டான்னு சொல்லணும்னு இருந்தேன். நீ வரவே இல்ல.” மூச்சு வாங்கினார். “அப்பறம் கோவம் வந்துச்சு. கோவத்துலயும் சொல்லல. அப்பறம் சொல்ல முடியாமப் போச்சு. இப்பச் சொன்னா… இதுக்காகவா நான் அழுதேன்னு அவ கேப்பா. நான் என்ன சொல்றது?”

பொன்னுவேல் அழுதார். சார் அழவில்லை. மேசையில் இருந்த துணியை எடுத்து நீட்டினார். அதில் வண்ணக் கறை இருந்தது.

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. அருள்மேரி பையோடு உள்ளே வந்தார். இரண்டு பேர் முகத்தையும் பார்த்து அப்படியே நின்றார்.

“அக்கா, அன்னைக்குப் போன் பண்ணுனது நாந்தான்,” என்றார் பொன்னுவேல். “இந்தப் பெட்டி வந்துச்சுன்னு சொல்லப் பண்ணுனேன். விசாரணையில தெரியாதுன்னுட்டேன். சார் என்னைக் காட்டிக் குடுக்கல.”

அருள்மேரி பையைத் தரையில் வைத்தார். ஒரு தக்காளி உருண்டு நாற்காலிக்கு அடியில் போயிற்று. அவர் கணவரைப் பார்த்து, “இதுவா?” என்றார். அவ்வளவுதான். திரும்பி வாசலைத் தாண்டிப் போனார். பொன்னுவேல் ஜன்னல் வழியாகப் பார்த்தார். படி இறங்கி, ரோட்டைக் கடந்து, பஸ் நிறுத்தத்தில் போய் உட்கார்ந்தார். வத்தலக்குண்டு பஸ் ஒன்று வந்து நின்று போயிற்று. கொடைக்கானல் பஸ் ஒன்று வந்தது. அவர் எதிலும் ஏறவில்லை.

ஒரு மணி நேரம் கழித்து வந்தார். முகம் கழுவியிருந்தார். ஒரு நாற்காலியை இழுத்து மேசைக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

“பதினாலு நிமிசம் என்ன பேசுனீங்க? ஒண்ணு விடாம எனக்குச் சொல்லுங்க. சும்மா உக்காந்து சொல்ல வேணாம். கட்டிக்கிட்டே சொல்லுங்க. கை சும்மா இருந்தா எதையாவது ஜோடிச்சுச் சொல்லத் தோணும்.”

பொன்னுவேல் இழையை எடுத்தார். சார் இடது கையால் வாலைப் பிடித்துக்கொண்டார். பொன்னுவேல் சொல்லத் தொடங்கினார். பார்சல் வந்ததைச் சொன்னேன். பெட்டி நசுங்கியிருக்கிறதா என்று சார் கேட்டார். ஒரு மூலை நசுங்கியிருக்கிறது என்றேன். மேல் படத்தில் என்ன நிறம் என்று கேட்டார். மஞ்சள் என்றேன். இந்தத் தடவை நைலானா, உலோக இழையா என்று பேசினோம். ஒவ்வொன்றையும் அருள்மேரி மனசுக்குள் வாங்கி வைத்துக்கொள்கிற மாதிரி கேட்டார். நடுவில் எந்த இடத்திலும் குறுக்கிடவில்லை. ஒரு கிளிப் தொங்கியது, இன்னொரு கிளிப் தொங்கியது.

பிறகு பொன்னுவேல் நிறுத்தினார். பசைத் துளியோடு ஊசி கையில் அப்படியே நின்றது.

“அதுக்கப்பறம்?” என்றார் அருள்மேரி.

“மூணு நாலு நிமிசத்துல சார் வைக்கப் போனாரு. பிள்ளைக தனியா நிக்கிதுங்க, நான் போறேன், வந்து பாக்கறேன்னாரு. நாந்தான், இருங்க சார், பிரிச்சுப் பாத்துச் சொல்றேன், ஏதாச்சும் ஒடஞ்சிருந்தா இன்னைக்கே கம்பெனிக்கு எழுதிப் போடணும்னு சொன்னேன். அப்பறம் ஒவ்வொரு பாகமா எண்ணுனேன். அவரு லைன்லயே இருந்தாரு.”

இதை அவர் முருகேஸ்வரியிடம்கூடச் சொல்லியிருக்கவில்லை.

அருள்மேரி கணவரிடம் திரும்பினார். “இதையாச்சும் எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?”

“அவன் இருன்னான்,” என்றார் ஆரோக்கியதாஸ். “நின்னது நாந்தான மேரி.”

அருள்மேரி அன்று விடுதி வேலைக்குப் போகவில்லை. மதியம் இரண்டு மணிக்குக் கடைசிக் கம்பி ஏறியது. ஊதுபத்தி நுனியை அருகே கொண்டுபோனதும் அது விறைத்து நின்றது. சார் விமானத்தைக் கண்மட்டத்துக்குக் குனிந்து ஒரு சுற்றுப் பார்த்தார், ஒரு இடத்தில் வெள்ளி வண்ணம் தொட வேண்டும் என்றார். முன்பு இப்படி முடித்த நாட்களில் இரண்டு பேரும் டீக்கடைக்குப் போய் ஆளுக்கு இரண்டு பஜ்ஜி தின்பார்கள். இன்று அருள்மேரி விமானத்தைப் பார்க்கவே இல்லை. அவர் பார்வை பொன்னுவேல்மேலேயே இருந்தது.

“எங்கிட்டச் சொல்லிட்டீங்க. அந்தப் பிள்ளகிட்ட யாரு சொல்லுவா?”

ஸ்வேதாவின் அப்பா செல்வமுருகனுக்கு ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் காய்கறிக் கமிஷன் கடை. திங்கட்கிழமை பொன்னுவேல் விடுப்புப் போட்டுவிட்டு மலை இறங்கினார். போய்ச் சேர்ந்தபோது காலைச் சந்தை ஓய்ந்து லாரிகள் கிளம்பிக்கொண்டிருந்தன. முருங்கைக்காய்க் கட்டுகளுக்கு நடுவே செல்வமுருகன் போனில் கத்திக்கொண்டிருந்தார். கடையின் உள்பக்கம் ஒரு மேசையில் ஸ்வேதா கணினி முன்னால் இருந்தாள். கல்லூரி விடுமுறையாம். நாற்காலியில் ஊன்றுகோல் சாய்த்து வைத்திருந்தது.

செல்வமுருகனுக்குப் பொன்னுவேலை அடையாளம் தெரிந்தது. ஜீப்பில் மகளின் தலையை மடியில் வைத்துக்கொண்டு வந்தவர் என்று அவருக்கு மரியாதை இருந்தது. உட்காரச் சொல்லி டீ வாங்கிவரச் சொன்னார். டீ வருவதற்குள் பொன்னுவேல் சொல்லி முடித்துவிட்டார். செல்வமுருகனின் முகம் மாறியது. அவர் கையை ஓங்கவில்லை. எழுந்து நின்று, வெளியே போங்க என்று தணிந்த குரலில் சொன்னார். அதை இரண்டாவது தடவை சொல்லும்போது குரல் உடைந்தது.

“இருங்கப்பா,” என்றாள் ஸ்வேதா. பொன்னுவேலிடம் கேட்டாள், “இத இப்ப எதுக்கு சார் எங்கிட்ட சொல்றீங்க?”

உனக்குத் தெரிய வேண்டும் என்றுதான் என்றார் பொன்னுவேல்.

“எனக்குத் தெரிஞ்சு என்ன செய்ய? வாத்தியார் போன் பேசிட்டிருந்தாருன்னு எனக்கு அன்னைக்கே தெரியும். யாருகூடன்னு ஒருநாளும் நான் யோசிச்சதில்ல. எந்திரிச்சு நிக்கறதுக்கே ரெண்டு வருசம் ஆச்சு, அதுல இதையெல்லாம் எங்க யோசிக்க. ஒங்க மனசு பாரமா இருந்தா அது என் சோலி இல்ல சார்.”

அவள் கோபமாகச் சொல்லவில்லை. கணக்குத் தப்பாகப் போட்டவரிடம் எந்த இடத்தில் தப்பு என்று காட்டுகிற மாதிரி சொன்னாள். பொன்னுவேல் தலையைக் குனிந்துகொண்டு எழுந்தார். மன்னிச்சிரும்மா என்று சொல்லக்கூட அந்த இடத்தில் அவருக்கு வாய் வரவில்லை. அது இன்னொரு பாரத்தை அவள்மேல் இறக்குவதாகிவிடும் என்று தோன்றியது.

கடை வாசலை எட்டும்போது ஸ்வேதா கூப்பிட்டு, சார் இப்போது எப்படி இருக்கிறார் என்று கேட்டாள். சொன்னார். வலது கையா என்று கேட்டாள். ஆமாம் என்றார். சாருடைய நம்பரைக் கொடுக்கச் சொல்லித் தன் போனில் பதிந்துகொண்டாள். செல்வமுருகன் அதைத் தடுக்கவில்லை, பார்க்கவும் இல்லை.

மறுநாள் பொன்னுவேல் பள்ளி முதல்வருக்கு இரண்டு பக்கம் எழுதினார். முருகேஸ்வரி அதை வாசித்துப் பார்த்தார். ஒரு இடத்தில் “சூழ்நிலை காரணமாக” என்று எழுதியிருந்ததைக் காட்டி, இது வேண்டாம் என்றார். பொன்னுவேல் அடித்துவிட்டு வேறு தாளில் எழுதினார்.

இரண்டு வாரம் பள்ளியில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. அந்த இடைவெளியில் ஒருநாள் அருள்மேரி கூப்பிட்டார். ஸ்வேதா போன் செய்ததாகச் சொன்னார். சாரால் ஒரு வார்த்தை பேச முடியவில்லையாம். போனைக் காதில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டே இருந்திருக்கிறார். ஸ்வேதாதான் பேசியிருக்கிறாள். தினமும் எத்தனை தடவை பயிற்சி செய்ய வேண்டும், முதல் ஆறு மாதத்தை விட்டால் பிடிப்பது கஷ்டம், வலிக்கிறது என்று நிறுத்தக் கூடாது என்றெல்லாம் சொன்னாளாம். விழுந்ததைப் பற்றி ஒன்றுமே பேசவில்லை. வைக்கும்போது, அடுத்த வாரம் கேப்பேன் சார், செஞ்சீங்களான்னு என்றாளாம்.

“செய்றாரா?” என்று கேட்டார் பொன்னுவேல்.

“செய்றாரு. நான் கூட உக்காந்து எண்ணுறதில்ல. அவரே எண்ணிக்கிறாரு.” பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். “எனக்கு இன்னும் அவருகூட முகங்குடுத்துப் பேச வரல தம்பி. பொம்பள இல்லன்னு தெரிஞ்சா நிம்மதியா இருக்கும்னு நெனச்சேன். அது வேற ஒண்ணாப் போயிருச்சு. என்னைய நம்பிச் சொல்லலயேன்னு இருக்கு. ஒங்களுக்காக என்னைய விட்டுட்டாரேன்னு இருக்கு.”

இனி வரட்டுமா என்று பொன்னுவேல் கேட்டார். இப்போதைக்கு வேண்டாம், வரலாம்னு தோணும்போது நானே கூப்பிடறேன் என்றார் அருள்மேரி. அந்த ரெண்டு ஆசிரியைகளையும் இந்த ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்க்கப் போவதாகவும் சொன்னார். என்ன பேசுவதென்று இன்னும் தெரியவில்லையாம்.

மூன்றாம் வாரம் புதன்கிழமை அலுவலகத்தில் கூப்பிட்டு உத்தரவைக் கொடுத்தார்கள். விசாரணை முடியும்வரை பணியிடை நீக்கம். எழுத்தர் பொன்னுவேலோடு பத்து வருடம் பழகியவர், அவரால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. பொன்னுவேல் தேதி போட்டுக் கையெழுத்திட்டார். பிறகு ஆய்வுக்கூடத்துச் சாவியை எடுத்து மேசைமேல் வைத்து, ஒன்பதாம் வகுப்புக்கு நாளைக்கு ஒளி பற்றிய சோதனை இருக்கிறது, லென்ஸ்கள் இரண்டாவது இழுப்பறையில் துடைத்து வைத்திருக்கிறேன், வருகிறவரிடம் சொல்லிவிடுங்கள் என்றார்.